அளவைப் பள்ளியும் புவித்தகவல் படமும்

நில அளவை பயில வரும் மாணவர்க்குப் புவித்தகவல் முறை என்னும் புதிய கலையை எவ்வாறு கற்பிப்பது என்ற வினா இன்று பல்கலைக்கழகங்களிலும் தொழிற்கல்லூரிகளிலும் எழுந்துள்ளது. மாணவனைக் கணினியின் முன் அமர்த்தி, இந்தப் பொத்தானை அழுத்து, அந்தப் பட்டியலைத் திற என்று சொல்லிக்கொடுப்பது ஒரு வழி. ஓர் ஊரைச் சுட்டிக்காட்டி, இதற்கு ஒரு படம் செய்துகொண்டு வா என்று அனுப்பிவைப்பது மற்றொரு வழி. பின்னதை மேல்நாட்டார் அண்மையில் கண்ட புதுமை என்று எண்ணுவோர் உளர். இருநூற்றாண்டுகளுக்கு முன்பே சென்னைப் பட்டணத்தில் நடைமுறையில் இருந்த வழி அது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் வானநூலாளராக இருந்த மைக்கேல் டாப்பிங் என்பார், கடற்கரைகளையும் ஆற்று முகத்துவாரங்களையும் அளந்து பழகியவர். நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த வான்காட்சி நிலையம் அவர் மேற்பார்வையில் அமைந்ததே. அதன் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண், தமிழ் உட்படப் பல மொழிக் கல்வெட்டுகளுடன் இன்றும் அவ்விடத்தில் நிற்கிறது. கம்பெனிக்கு நிலம் பெருகிற்று, அளப்பாரோ இல்லை. இங்கிலாந்திலிருந்து ஆள் வரவழைத்தால் செலவு மிகும். ஆகவே 1794 மே மாதத்தில் எட்டுச் சிறுவர்களைக் கொண்டு ஓர் அளவைப் பள்ளியை டாப்பிங் தொடங்கினார். அவர் 1796-இல் மறைந்த பின்னரும் பள்ளி மறையவில்லை. அது வளர்ந்து கிண்டிப் பொறியியற் கல்லூரியாகி, இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாய் விளங்குகிறது.

அந்தச் சிறுவர்கள் எழும்பூர் ஆண் அநாதை விடுதியிலிருந்து வந்தவர்கள் என்பது ஆசிரியர்களாகிய நாம் கவனிக்கத்தக்க செய்தி. அவ்விடுதியின் மேற்பார்வையாளர் ஆண்ட்ரூ பெல். நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு வியந்து, அதைத் தம் விடுதியிலும் புகுத்தியவர் அவர். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையைப் பற்றி 1797-இல் நூலொன்று வெளியிட்டார். அதுவே 'சென்னை முறை' என்ற பெயரில் இங்கிலாந்தின் பள்ளிகளில் பரவிற்று. நம் சட்டாம்பிள்ளை கடல் கடந்து போன கதை அது! மணலில் எழுத்துப் பழகிய கைகள் பிறகு சங்கிலி பிடித்தன. வகுப்பறையில் கணக்கும் வரைபடமும் கற்றார்கள்; பின்னர் அளவையாளர்களுக்குத் துணையாக மாவட்டங்களுக்குச் சென்றார்கள். அவர்கள் வரைந்த படம் பயிற்சி ஏட்டோடு நின்றுவிடும் படமன்று. அதைக் கொண்டு ஒருவன் வரி விதிப்பான். மற்றொருவன் ஏரி திருத்துவான். தவறான கோட்டுக்கு விலை உண்டு என்பதை மாணவன் அறிந்தே வரைந்தான்.

அங்குப் பயின்ற ஜோஷ்வா டி பெனிங் என்ற இளைஞர் வில்லியம் லாம்டனிடம் உதவியாளராகச் சேர்ந்தார். லாம்டன் 1802 ஏப்ரலில் பரங்கிமலைக்கு அருகே ஏழரை மைல் நீளமுள்ள ஆதாரக்கோடு ஒன்றை அளந்தார். நூறடிச் சங்கிலியை நானூறு முறை நீட்டி அளக்க ஐம்பத்தேழு நாட்கள் ஆயின. நாளொன்றுக்கு ஏழு சங்கிலி! இந்தப் பொறுமையை எந்தப் பாடநூலால் கற்பிக்க முடியும்? அக்கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக இந்தியா முழுவதையும் அளக்கும் பெரும்பணி தொடங்கிற்று. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மீது அரை டன் எடையுள்ள தியோடலைட்டை ஏற்றுகையில் கயிறு அறுந்து, கருவி கல்லில் மோதி நசுங்கிற்று. லாம்டன் அதைப் பிரித்து, ஆறு வாரம் உழைத்துத் தம் கையாலேயே செப்பனிட்டார்.

இதற்கும் பினாங்குக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். தொடர்பு மிக நெருக்கமானது. லாம்டனுக்குப் பின் அப்பணியை ஏற்றவர் ஜார்ஜ் எவரெஸ்ட். இந்தியாவில் அளந்த நீள்வளைவை ஆதாரமாகக் கொண்டு, பூமி எவ்வளவு பருமன், துருவங்களில் எவ்வளவு தட்டை என்று அவர் 1830-இல் ஒரு கணக்கு வகுத்தார். மலாயாவின் நில அளவை அக்கணக்கைத்தான் சிறிது திருத்தி எடுத்துக்கொண்டது. பகாங்கிலுள்ள கெர்தாவு என்னும் இடத்தை மூலமாகக் கொண்ட 1948-ஆம் ஆண்டின் அளவை ஆதாரமும் அதன்மீது எழுந்ததே. நம் தோட்டங்களின் பழைய நிலப்படங்களுக்கு அடியில், பரங்கிமலையில் நீட்டிய சங்கிலி கிடக்கிறது என்றால் மிகையாகாது.

2003-இல் மலேசியா செயற்கைக்கோள் அளவைக்கு இசைந்த புதிய ஆதாரத்திற்கு மாறியது. பழைய ஆதாரத்தின் எண்களைத் திருத்தாமல் புதிய படத்தில் இட்டால், பினாங்கு வட்டாரத்தில் ஒவ்வொரு புள்ளியும் நூறு மீட்டருக்கும் மேல் விலகி விழும். பழைய படத்தில் சாலையோரம் இருந்த கோயில் ஆற்றுக்குள் போய் நிற்கும். இதை விரிவுரையில் சொன்னால் மாணவன் தலையாட்டிவிட்டுத் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவான். தான் வரைந்த கோயில் ஆற்றில் மிதப்பதைக் கண்டவன் ஆயுளுக்கும் மறவான்.

இனி, புவித்தகவல் முறை என்பதுதான் யாது? 1960-களில் கனடா தன் பரந்த நிலவளத்தைக் கணக்கெடுக்க முற்பட்டபோது ரோஜர் டாம்லின்சன் என்னும் புவியியலார் அதற்குக் கணினியைத் துணைக்கொண்டார். முறைக்கு இப்பெயரும் அவர் வழங்கியதே. இடத்தையும் அவ்விடத்தைப் பற்றிய செய்தியையும் ஒன்றாகப் பிணைத்து வைப்பது அதன் உயிர். படத்தில் ஒரு புள்ளியைத் தொட்டால் அதற்குரிய அட்டவணை வரி திறக்கும். ஆறு ஓர் அடுக்கு, சாலை ஓர் அடுக்கு, பள்ளி ஓர் அடுக்கு. ஒன்றன்மேல் ஒன்றை வைத்து வினா எழுப்பலாம். பள்ளியிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் குடியிருப்புகள் எவை என்று கேட்டால் விடை வரும். காகிதப் படம் பார்ப்பதற்கு, இது கேட்பதற்கு. எனவே பயிற்சியும் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். கேள்வியின்றி வீதிக்குச் சென்ற மாணவர்கள் கண்டதையெல்லாம் குறித்துக்கொண்டு வருவார்கள். குப்பைத்தொட்டியும் இருக்கும், விளக்குக் கம்பமும் இருக்கும், பயன் மட்டும் இராது.

நம் மாநிலத்தில் கேள்விக்குப் பஞ்சமில்லை. பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. செபராங் பிறைப் பக்கம் பைராம், வால்டோர், மலாக்கோப், அல்மா, மேபீல்ட், பத்து காவான் என்று பல பள்ளிகள் இன்றும் தோட்டப் பெயர் தாங்கி நிற்கின்றன. தோட்டம் எங்கே? லயம் இடிந்து அடுக்குமாடி எழுந்தது. செம்பனை நின்ற இடம் தொழிற்பேட்டையாயிற்று. 2014-இல் இரண்டாம் பாலம் திறந்தபின் பத்து காவானின் முகமே மாறிவிட்டது. பிள்ளைகளோ வேறெங்கோ குடியேறிவிட்டார்கள். இன்று எந்தப் பள்ளிக்கு எங்கிருந்து பிள்ளைகள் வருகிறார்கள், எந்தப் பள்ளியை எங்கே மாற்றினால் நன்மை என்பவற்றை நாம் கூட்டங்களில் உணர்ச்சியோடு பேசுகிறோம். கையில் படம் இல்லை. மேசைமீது படத்தை விரித்துப் பேசுகிறவனுக்கு எதிரே, நினைவை மட்டும் வைத்துக்கொண்டு பேசுகிறவன் தோற்கிறான்.

ஆகவே அளவை மாணவர் குழு ஒன்று ஒரே ஒரு பள்ளியை எடுத்துக்கொள்ளட்டும். பழைய தோட்டப் படத்தை ஆதாரம் திருத்திப் புதிய படத்தோடு பொருத்தட்டும். சங்கிலிக் கணக்கையும் அப்போதே கற்கலாம்: நில வரி அளவையின் சங்கிலி 66 அடி, பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். பின்பு களத்திற்குச் செல்லட்டும். திறந்த வெளியில் கைப்பேசி காட்டும் இடம் ஐந்து மீட்டர் அளவுக்குப் பிசகலாம். மரத்தடியில் இன்னும் கூடும். பள்ளியைக் குறிக்க அது போதும், வேலிக்கல்லைக் குறிக்கப் போதாது. எந்த வேலைக்கு எவ்வளவு துல்லியம் தேவை என்று தீர்மானிப்பதே அளவையாளன் கற்க வேண்டிய முதற்பாடம் என்பேன். இதற்கான மென்பொருளுக்கும் பணம் வேண்டியதில்லை. 2002-இல் தோன்றிய கியூஜிஸ் இலவசமாகவே கிடைக்கிறது.

அட்டவணையின் பத்திகளை யார் வகுப்பது? இதில்தான் தமிழாசிரியருக்கு வேலை. ஜார்ஜ் டவுனில் லெபோ பசார் என்று பலகை சொல்லும் தெருவை நம் முன்னோர் கடைத்தெரு என்றே அழைத்தனர். சூலியாத் தெரு தொடக்கத்தில் மலபார் தெருவாக இருந்தது. உலக மரபுடைமை நகராக 2008-இல் பட்டியலேறிய அந்நகரின் மையப்பகுதி 109 எக்டர். அதற்குள் ஒவ்வொரு மூலைக்கும் இரண்டு மூன்று பெயர்கள். 'அரசுப் பெயர்' என்று ஒரே பத்தி மட்டும் வைத்தால் மற்றப் பெயர்கள் கணினிக்குள் நுழைய வழியே இல்லை. 'மக்கள் வழங்கும் பெயர்', 'சொன்னவர் வயது', 'எந்த ஆண்டுவரை வழங்கியது' என்று பத்திகள் திறந்தால் நுழையும். தோட்டத்திலும் அவ்வாறே. ஆயாக் கொட்டகை, பால் ஸ்டோர், கள்ளுக்கடை, முனியாண்டி மரம் ஆகியவை எந்த அரசாங்கப் படத்திலும் வாரா. அவற்றின் இடத்தை விரல் நீட்டிக் காட்டக்கூடிய முதியவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்து வருகிறார்கள். ஆகையால் மாணவர் அவர்களை உடன் அழைத்துச் சென்று, அவர்கள் நிற்கும் இடத்திலேயே புள்ளி வைக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து கேட்டு வந்து குத்துமதிப்பாக வைப்பது ஆகாது.

மதிப்பெண் அளிக்கும் முறையிலும் ஒரு சொல். வண்ணம் அழகாயிருக்கிறது என்று மதிப்பெண் போடுவது வழக்கமாகிவிட்டது. ஒரு குழு செய்த படத்தை வேறொரு குழுவின் கையில் கொடுத்துக் களத்துக்கு அனுப்புக. பத்துப் புள்ளிகளைத் தேடிச் சென்று எத்தனையைக் கண்டார்கள் என்று எண்ணுக. அதுவே மதிப்பெண். சட்டாம்பிள்ளை முறையும் இதில் தானே வந்துவிடும். பிறர் பிழையைத் திருத்தப் போனவன் தன் பிழையையும் காண்பான்.

பிள்ளைகளின் வீடுகளைக் குறிக்கும் அடுக்கைப் பற்றி எச்சரிக்கை வேண்டும். எந்தப் பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்பது பள்ளியின் பூட்டுக்குள் இருக்க வேண்டிய செய்தி. வெளியே கொடுக்கும் படத்தில் வீட்டுப் புள்ளிகளை நீக்கி, குடியிருப்புப் பகுதிக்கு இத்தனை பிள்ளைகள் என்ற எண்ணிக்கையை மட்டும் காட்டினால் போதும். பள்ளி வாரியத்துக்கும் கல்வி இலாகாவுக்கும் வேண்டியது அந்த எண்ணிக்கைதான்.