பனங்கலயம் கற்பிக்கும் உயிரியல்: ஈஸ்டின் வளர்ச்சியும் பகுப்பும்

கேரளத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த பாறசாலையும் அதனைச் சூழ்ந்த எல்லைக் கிராமங்களும் குமரி மாவட்டத்தின் விளவங்கோடு பகுதியை ஒட்டி அமைந்துள்ளன. 1956-ஆம் ஆண்டின் மாநிலச் சீரமைப்பு நிலத்தைப் பிரித்ததே தவிர, பனைத் தொழிலின் வழக்கங்களைப் பிரிக்கவில்லை. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கப்படும் பதநீர், எல்லையின் இரு புறத்திலும் 'அக்கானி' என்றே வழங்கப்படுகிறது. சுண்ணாம்பின்றி விடப்பட்ட சாறோ சில மணி நேரத்தில் நுரைத்துக் கள்ளாகிவிடும். புளித்த அக்கானியைக் காய்ச்சினால் கருப்பட்டி சரிவர இறுகாது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடையும் உள்ளது. எனவே, பனைத் தொழிலாளியின் ஒரு நாள் உழைப்பின் பயன், கண்ணுக்குப் புலப்படாத ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரின் பெருக்கத்தைப் பொறுத்தே அமைகிறது.

வளர்ச்சி வேறு, பகுப்பு வேறு

ஈஸ்ட் ஒற்றை உயிரணுவால் ஆனது. அது சர்க்கரையையும் பிற சத்துக்களையும் ஏற்றுப் பருமனில் பெருகுவது வளர்ச்சி; மரபுப் பொருளைப் படியெடுத்து இரண்டாவது பகுப்பு. வளராமல் பிரிந்துகொண்டே சென்றால் உயிரணுக்கள் தலைமுறைதோறும் சிறுத்துவிடும். பிரியாமல் வளர்ந்தால் அளவின்றிப் பருத்துவிடும். ஆயினும், ஒரே சூழலில் வளரும் ஈஸ்டின் சராசரி அளவு மாறுவதில்லை. இந்த இணக்கம் எவ்வாறு ஏற்படுகிறது?

அமெரிக்க அறிஞர் லீலண்ட் ஹார்ட்வெல், மொட்டுவிட்டுப் பெருகும் ஈஸ்டை 1970-களில் ஆராய்ந்தார். வெப்பம் உயர்ந்தால் பகுப்பு நின்றுவிடும் மரபு மாற்ற வகைகளை அவர் பயன்படுத்தினார். பகுப்பு தடைப்பட்ட பின்னரும் உயிரணுக்கள் தொடர்ந்து பருத்தன. ஆனால், சத்துக் குறைந்து வளர்ச்சி தடைப்பட்டபோது, அவை தொடங்கிய பகுப்பை முடித்துவிட்டு, புதிய மொட்டு விடாமல் நின்றன. வளர்ச்சி பகுப்பை எதிர்நோக்குவதில்லை. பகுப்பே வளர்ச்சியை எதிர்நோக்குகிறது என்பது இதனால் தெளிவாயிற்று. போதிய அளவை எட்டிய பின்னரே உயிரணு கடக்கும் இவ்வாயில் 'தொடக்கம்' எனப்படுகிறது. தாயினும் சிறிதாகப் பிறக்கும் சேய் உயிரணு, இவ்வாயிலை அடைய மிகுதியான காலம் எடுத்துக்கொள்வதும் இதனாலேயே ஆகும்.

நடுவே பிளந்து பெருகும் மற்றொரு வகை ஈஸ்டில், வழக்கமான அளவில் ஏறத்தாழ பாதியிலேயே பிரியும் வகையை ஆங்கிலேய அறிஞர் பால் நர்ஸ் 1975-இல் விவரித்தார். அளவைக் காக்கும் தடை ஒன்று மரபணுவிலேயே உண்டு என்பதற்கு அது சான்றாயிற்று. அவரது குழுவினர் 1987-இல், ஈஸ்டின் பகுப்பை இயக்கும் மரபணுவுக்கு இணையானது மனிதனிடமும் உள்ளதைக் காட்டினர். இவ்விருவருக்கும் டிம் ஹண்ட்டுக்கும் 2001-இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. கட்டுப்பாடற்ற பகுப்பே புற்றுநோயின் அடிப்படை ஆதலின், இவ்வாய்வின் பயன் ஈஸ்டோடு நின்றுவிடவில்லை.

கலயத்தில் நிகழ்வது

சாறு தீர்ந்த கலயத்தின் அடியில் படியும் வண்டலில் உள்ள ஈஸ்ட் அனைத்தும் இறந்துவிடுவதில்லை. பல, தொடக்க வாயிலில் ஓய்ந்திருக்கின்றன. புதிய சாறு சொட்டியதும் அவை மீண்டும் வளர்ந்து மொட்டுவிடுகின்றன. ஆய்வுக்கூடத்தின் நல்ல சூழலில் ஈஸ்ட் சுமார் 90 நிமிடத்தில் இரட்டிக்கும். அந்த வேகத்தில் 12 மணி நேரத்தில் ஓர் உயிரணு 256 ஆகும். கலயத்தில் வேகம் வேறுபடினும் கணக்கின் போக்கு இதுவே. தொடக்கத்தில் எஞ்சிய வண்டல் எவ்வளவு குறைவோ, அவ்வளவு காலம் அக்கானி கெடாது நிற்கும்.

சுண்ணாம்பு சாற்றின் காரத்தன்மையை உயர்த்தி ஈஸ்டின் வளர்ச்சியை ஒடுக்குகிறது. குளிர்ச்சியும் வளர்ச்சியைத் தாழ்த்துகிறது. வளர்ச்சி குன்றினால் பகுப்பும் குன்றும். கலயத்தை நாள்தோறும் கழுவி, உலர்த்தி, புதிதாகச் சுண்ணாம்பு தடவும் பனைத் தொழிலாளியின் பழக்கம், ஆய்வுக்கூடம் கண்டறிந்த விதிக்கு முற்றிலும் பொருந்துவதாகும். பதநீர்த் தொழிலை மேம்படுத்த முனைவோர் முதலில் கருத வேண்டியதும் கலயத்தின் தூய்மையையே ஆகும்.