அலை நீண்டால் ஆழம் போகும்

(வானொலி வேளாண்மை உரை)



கிணறு வற்றிப் போச்சு, போர் போடலாமென்று நகையை அடகு வைக்கிறோம். முந்நூறு, நானூறு அடி துளைத்த பிறகு புகைதான் வருகிறது, தண்ணீர் வரவில்லை. இந்த நஷ்டத்தைக் குறைக்க, நீரோட்டம் பார்க்க மின்காந்த அலைக் கருவி ஒன்று இருக்கிறது. அதைக் கொண்டு வருகிறவர் “கிலோஹெர்ட்ஸ்”, “அலைநீளம்” என்று பேசுவார். அந்தக் கணக்கு நமக்கும் தெரிந்தால் நல்லதுதானே? பள்ளிக்கூட வகுத்தல் கணக்கு போதும்.

300 அடி நீளத்தில் ஒரு வரிசை போடுகிறீர்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றாக மிளகாய் நட்டால் 200 செடி. 25 அடிக்கு ஒன்றாகத் தென்னை வைத்தால் 12 மரம்தான். இடைவெளி கூடினால் எண்ணிக்கை குறையும். வானொலி அலையும் இப்படித்தாங்க. அது ஒரு விநாடியில் சுமார் 3,00,000 கிலோமீட்டர் ஓடுகிறது. அதுதான் வரிசையின் நீளம். ஓர் அலை முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் உள்ள இடைவெளி அலைநீளம். அந்த ஒரு விநாடிக்குள் எத்தனை அலை என்பதே அதிர்வெண். விநாடிக்கு ஓர் அலை என்றால் ஒரு ஹெர்ட்ஸ். ஆயிரம் அலை என்றால் ஒரு கிலோஹெர்ட்ஸ். பழைய ரேடியோப் பெட்டிகளில் கிலோசைக்கிள் என்று போட்டிருப்பதும் இதுவேதான்.

கணக்கு இதுதான்: 3,00,000-ஐ அலைநீளத்தால் வகுக்க வேண்டும். அலைநீளம் மீட்டரில் இருந்தால் விடை கிலோஹெர்ட்ஸ். கிலோமீட்டரில் இருந்தால் விடை ஹெர்ட்ஸ். இதை மட்டும் மாற்றிவிடக் கூடாது. சென்ட்டை ஏக்கர் என்று எழுதினால் பத்திரம் என்ன ஆகும்? அதே கதைதான்.

மூன்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒன்று: திருச்சி வானொலியின் மத்திய அலை நமக்குப் பழக்கமானது. அலைநீளம் 320.5 மீட்டர். வகுத்தால் 936 கிலோஹெர்ட்ஸ்.

இரண்டு: திருநெல்வேலிப் பக்கம் விஜயநாராயணத்தில், நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்பக் கடற்படை 1990-இல் தொடங்கிய கட்டபொம்மன் நிலையம். அதன் அலைநீளம் சுமார் 16.5 கிலோமீட்டர். வகுத்தால் ஏறக்குறைய 18,200 ஹெர்ட்ஸ், அதாவது 18.2 கிலோஹெர்ட்ஸ்.

மூன்று: அலைநீளம் 6,000 கிலோமீட்டர். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை உள்ள தூரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு! வகுத்தால் 50 ஹெர்ட்ஸ். உங்கள் பம்புசெட் மோட்டார் தகட்டில் இருக்கும் அதே 50தான்.

சரி, இதற்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம்? அலை நீள நீள, அதிர்வெண் குறையக் குறைய, அது பூமிக்குள் ஆழமாக இறங்கும். ஒரே நிலத்தில், அதிர்வெண் நாலில் ஒரு பங்கானால் ஆழம் இரண்டு மடங்கு. அந்தக் கணக்குப்படி, கட்டபொம்மன் அலை திருச்சி அலையைப் போல ஏழு மடங்கு ஆழம் போகும். காய்ந்த கரும்பாறையில் நூறு மீட்டரும் அதற்கு மேலும் இறங்கும். ஈரக் களிமண்ணில் பத்து, பன்னிரண்டு மீட்டரிலேயே ஓய்ந்துவிடும்.

பாறையில் நீர் நிற்பது பிளவுகளில். ஈரமான பிளவில் மின்சாரம் எளிதாக ஓடும். தூரத்து நிலையத்தின் நீள அலை அங்கே வந்ததும் சற்றுத் திசை மாறும். கருவியோடு வயலில் கோடு போட்டாற்போல் நடந்து அந்த மாற்றத்தைக் குறிக்கிறார்கள். பிளவு ஓடும் திசையில் அலை அனுப்பும் நிலையமும் இருந்தால் குறி தெளிவாக விழும்.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். கருவி காட்டுவது மின்சாரம் ஓடும் இடத்தை, தண்ணீரை அல்ல. மின்கம்பி, இரும்புக் குழாய், கம்பி வேலி, களிமண் பட்டை எல்லாமே தண்ணீர் மாதிரி குறி காட்டும். ஆகவே பார்க்க வருகிறவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த அதிர்வெண்ணில் பார்த்தீர்கள்? பக்கத்துக் கம்பி, குழாயை விலக்கிக் கணக்கிட்டீர்களா? அதே இடத்தில் தரையில் நாலு கம்பி குத்தி மின்தடையும் அளந்தீர்களா? மூன்றுக்கும் சரியான பதில் வந்த பிறகு போர் வண்டியைக் கூப்பிடுங்கள். ஒரே ஒரு குறியை நம்பி நகையை அடகுக்கடைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

தண்ணீர் கிடைத்தாலும் அளவோடு இறைப்போம். மழைநீரைப் பண்ணைக் குட்டையில் தேக்கினால்தான் பாறைப் பிளவுக்கும் நீர் சேரும்.