விபத்து நஷ்டஈடு வழக்கு: கண்ணீரை விட கணக்குக்கே மதிப்பு; கடைசி வாதத்தில் வக்கீல் என்ன பேசணும்?

தர்மபுரி,

தொப்பூர் கணவாய் என்றாலே தர்மபுரி மாவட்ட மக்களுக்கு நெஞ்சு பதறும். 2020 டிசம்பரில் ஒரு லாரி அடுத்தடுத்து வாகனங்கள் மீது மோதியதில் 4 பேர் பலியானார்கள். 2024 ஜனவரி விபத்திலும் 4 உயிர் போனது. இப்படிப்பட்ட விபத்துகளில் கை, கால் இழந்து உயிர் பிழைப்பவர்களுக்கு அடுத்த போராட்டம் கோர்ட்டில்தான்.

ஜூரி கிடையாது

அமெரிக்காவில் இந்த மாதிரி வழக்குகளை பெரும்பாலும் பொதுமக்களில் இருந்து எடுக்கப்படும் ஜூரிகள்தான் முடிவு செய்கிறார்கள். அங்கேயும் "உங்களுக்கே இப்படி நடந்திருந்தால் எவ்வளவு கேட்பீங்க?" என்று ஜூரிகளை பார்த்து வக்கீல் கேட்பதற்கு பெரும்பாலான கோர்ட்டுகளில் அனுமதி இல்லை.

நம் நாட்டில் கொலை போன்ற குற்ற வழக்குகளில் முன்பு ஜூரி இருந்தது. 1959-ல் நடந்த நானாவதி கொலை வழக்கில் ஜூரிகள் 8-க்கு 1 என்ற கணக்கில் "குற்றவாளி அல்ல" என்றனர். ஐகோர்ட்டு அதை ஏற்காமல் ஆயுள் தண்டனை கொடுத்தது. 1973-ம் ஆண்டு குற்றவியல் நடைமுறை சட்டத்தில் ஜூரி முறையே இல்லாமல் போனது.

விபத்து நஷ்டஈட்டை மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்தின் நீதிபதி முடிவு செய்கிறார். அதனால் கடைசி வாதத்தில் அழுது பேசினால் மட்டும் தொகை கூடாது. ஆதாரமும் கணக்கும் வேணும்.

எத்தனை சதவீதம்?

பெரிய சண்டையே ஊனத்தின் சதவீதத்தில்தான். 2010-ல் ராஜ்குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு விளக்கம் சொன்னது. இடது கை போனால் டாக்டர் 60 சதவீத ஊனம் என்பார். ஆனால் அவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால், சம்பாதிக்கும் சக்தி கிட்டத்தட்ட 100 சதவீதம் போய்விட்டது என்று அர்த்தம்.

உதாரணமாக 32 வயது கொத்தனார். மாத வருமானம் ரூ.12 ஆயிரம் என்று கோர்ட்டு ஏற்கிறது. எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் ரூ.16 ஆயிரத்து 800. வருடத்துக்கு ரூ.2 லட்சத்து 1,600. இந்த வயதுக்கு 16 ஆல் பெருக்கினால் ரூ.32 லட்சத்து 25 ஆயிரத்து 600. ஊனம் 40 சதவீதம் என்றால் கிடைப்பது ரூ.12 லட்சத்து 90 ஆயிரத்து 240. 'இவரால் இனி சாரம் ஏற முடியாது, இழப்பு 80 சதவீதம்' என்று நிரூபித்தால் தொகை அப்படியே இரண்டு மடங்கு. ஆஸ்பத்திரி செலவு, வலி, வேதனைக்கு தனி.

சம்பள சீட்டு இல்லையா?

கூலி தொழிலாளிக்கு ஏது சம்பள சீட்டு? 2014-ல் கால் இழந்த காய்கறி வியாபாரி ஒருவரின் வழக்கில், அமைப்பு சாரா தொழிலாளியிடம் வருமானத்துக்கு பத்திரம் எதிர்பார்க்க முடியுமா என்று சுப்ரீம் கோர்ட்டு கேட்டது. ஐகோர்ட்டு போட்ட ரூ.3,500-ஐ மாதம் ரூ.6,500 ஆக உயர்த்தியது.

"பைக்கில் 3 பேர் போனாங்க, அவங்க மேலயும் தப்பு" என்று இன்சூரன்ஸ் தரப்பில் சொல்வது வழக்கம். 3 பேர் போனது மட்டும் போதாது, அதனால்தான் விபத்தோ காயமோ ஏற்பட்டது என்று காட்ட வேண்டும் என சுப்ரீம் கோர்ட்டு 2020-ல் கூறியது.

கவனிக்க வேண்டியவை

* எப்.ஐ.ஆர்., காயச்சான்று, ஆஸ்பத்திரி பில், ஊனச்சான்று எதையும் தொலைக்கக்கூடாது. சாட்சி விசாரணையில் வராத விஷயத்தை கடைசி வாதத்தில் புதுசாக சொன்னால் எடுபடாது.

* பெங்களூருவில் வேலை செய்யும்போது அடிபட்டாலும், குடியிருப்பது தர்மபுரி என்றால் இங்கேயே வழக்கு போடலாம்.

* விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரல் 1-ந்தேதி அமலுக்கு வந்தது. இதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுக்கு வழக்கு போயிருக்கிறது. ஆனாலும் நாள் கடத்தாமல் இருப்பதே நல்லது.

* "வர்ற பணத்தில் இத்தனை பங்கு" என்று வக்கீல் பேசுவது பார் கவுன்சில் விதிப்படி தவறு.

* பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு வருமான வரம்பு இல்லாமல் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம்.

தீர்ப்பில் தொகை குறைவு என்று பட்டால் 90 நாளுக்குள் ஐகோர்ட்டில் அப்பீல் செய்யலாம்.