கருவிகளை எங்கே வைப்பது?

படம் வரையும் மென்பொருளைத் திறந்ததும், திரையின் ஓரத்தில் தூரிகை, அழிப்பான், பென்சில் போன்ற சின்னங்கள் வரிசையாகத் தெரிகின்றன. இதனைக் கருவிப்பட்டை என்பர். அதில் எந்தக் கருவி எங்கே இருக்க வேண்டும், எது வெளியே தெரிய வேண்டும் என்பவற்றை வடிவமைப்பாளர்களே முடிவு செய்கின்றனர். அம்முடிவு நம் வேலையை எளிதாக்கலாம்; தடுக்கவும் செய்யலாம்.

1984ஆம் ஆண்டு மெக்கின்தாஷ் கணினியுடன் மேக்பெயிண்ட் எனும் மென்பொருள் வெளிவந்தது. அதனை உருவாக்கியவர் பில் அட்கின்சன். அதில் கருவிகள் குறைவு. ஆகவே, அவை அனைத்தும் இடப்பக்கத்தில் ஒரே பார்வையில் தெரிந்தன. வாளியின் படம் நிரப்புவதையும், சுருக்குக் கயிற்றின் படம் ஒரு பகுதியை வளைத்துப் பிடிப்பதையும் உணர்த்தின.

காலப்போக்கில் கருவிகள் பெருகின. திரையில் இடம் போதவில்லை. சின்னங்களைச் சிறிதாக்கினால் இடம் மிஞ்சும். ஆனால், இலக்கு சிறியதாகவும் தொலைவிலும் இருந்தால் அதனைச் சென்றடையக் கூடுதல் நேரமாகும். இதனை உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954ஆம் ஆண்டிலேயே விளக்கினார். பார்வை மங்கியவர்களுக்கும் கைநடுக்கம் உள்ளவர்களுக்கும் சிறிய சின்னங்கள் பெரும் இடையூறாகும்.

மற்றொரு வழி, ஒத்த கருவிகளை ஒரே சின்னத்தின்கீழ்த் தொகுப்பதாகும். ஃபோட்டோஷாப்பில் சின்னத்தின் மூலையிலுள்ள சிறு முக்கோணம், உள்ளே வேறு கருவிகளும் உள்ளன என்பதைக் காட்டும். கிம்ப் எனும் இலவச மென்பொருளும் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட 2.10.18 பதிப்பில் இம்முறையைக் கொண்டுவந்தது. இதனால் பட்டை சுருங்கியது. வரைவதற்கு இடம் கூடியது. எனினும், உள்ளிருக்கும் கருவியை எடுக்கக் கூடுதலாக ஒரு படி தேவைப்பட்டது. புதியவர் ஒருவர், கண்ணில் படாத கருவி மென்பொருளிலேயே இல்லை என்று எண்ணிவிடவும் கூடும். அதனால், தொகுப்பு வேண்டாதவர்கள் அமைப்புப் பகுதிக்குச் சென்று அதனை நீக்கிக்கொள்ளவும் கிம்ப் வழிசெய்துள்ளது.

நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியை எண்ணிப் பாருங்கள். அன்றாடம் தேவைப்படும் கடுகும் சீரகமும் அதில் இருக்கும். எப்போதாவது தேவைப்படுபவை அலமாரியில் இருக்கும். ஆயினும், எல்லா வீட்டு அஞ்சறைப்பெட்டியும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அவ்வாறே, ஒருவருக்கு வசதியான கருவிப்பட்டை மற்றவருக்குத் தடையாகலாம். எனவே, பொருத்தமான ஓர் அமைப்பை முதலில் தந்து, அதனை மாற்றிக்கொள்ளும் உரிமையைப் பயனருக்கும் அளிப்பதே நல்ல வடிவமைப்பாகும்.