மலைப்பாதைக்குக் கெப் வாங்குவோர் அறிய வேண்டியவை

கண்டி நகரைக் கடந்து, கலஹா, தெல்தோட்டை வழியாக, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரைப் பக்கமோ, பன்விலை, மடுல்கலை வழியாக நக்கிள்ஸ் மலையடிவாரத்திலோ, மரக்கறியும் உரமூட்டையும் ஏற்றி இறக்கி ஜீவனம் நடத்துகிறவர்களுக்கு, நான்கு சக்கரங்களும் இழுக்கும் டபள் கெப் ஆடம்பரமன்று; அத்தியாவசியம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் பரவலாக மீண்டும் அனுமதிக்கப்பட்டமையால், இடைக்காலத்தில் பழைய ஹைலக்ஸும் டி-மெக்ஸும் விலையேறிக் கைமாறின. எஞ்சினைக் கூர்ந்து கேட்கிறவர்கள் பத்திரங்களைப் பாராதிருப்பதே, என் அபிப்பிராயத்தில், பெருநஷ்டத்துக்கு வித்தாகிறது.

பதிவுப் புத்தகத்திலுள்ள செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வாகனத்தின் இரும்பிலே பொறிக்கப்பட்டவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று, முற்பணம் கொடுப்பதற்கு முன்னரே பரிசீலிக்க வேண்டும். ஏனெனில் உதிரிப்பாகங்களைக் கோத்து இரகசியமாகப் பொருத்தப்பட்ட வாகனத்தைப் பொலிஸார் கைப்பற்றினால், வாங்கியவர் நிரபராதியாயினும் வாகனத்தையும் பணத்தையும் ஒருங்கே இழக்க நேரிடும். விற்பவரின் கையொப்பம் மட்டுமிட்டு, வாங்குபவரின் பெயர் எழுதப்படாத ‘ஓப்பன் பேப்பர்’ வியாபாரமும் அத்தகைய ஆபத்துடையதே. உரிமை மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்கும்படி 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் விதிக்கிறது. அறிவிக்காவிட்டால் விபத்து நேரும் நாளில் பழைய உரிமையாளரின் வாசலுக்கே விசாரணை வரும்.

லீசிங்கில் வாங்குவோர், கடன் தீரும்வரை கம்பனியே முழு உரிமையாளர் என்பதை மறத்தலாகாது. கடன் தீர்ந்தபின் கம்பனியின் பெயரைப் பதிவிலிருந்து நீக்குவிப்பதும் அவசியம். தோட்டப்புறத்து மக்கள் தாம் வாசிக்க இயலாத மொழியில் அச்சிட்ட ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவதைக் காண மனம் வேதனையுறுகிறது. ஒப்பந்தத்தின் சாராம்சத்தையும், வட்டியையும், தாமதக் கட்டணத்தையும் தமிழில் விளக்கும்படியும், பிரதி தரும்படியும் கேட்பது யாசகமன்று. தவணை தவறியதற்காக முன்னறிவித்தலின்றி வீதியில் மறித்து வலிந்து பறிக்க முற்பட்டால், பொலிஸில் முறையிடலாம்; கம்பனிக்கு எழுத்தில் முறையிட்டும் தீர்வு கிட்டாவிடின் மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்தை அழைக்கலாம். வழக்கறிஞருக்குப் பணமில்லாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவின் கண்டி நிலையத்தை நாடலாம். பொருளைப் பற்றி வியாபாரி பொய்யுரைத்திருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கம் இருக்கிறது.

வாகனத்தைப் பற்றிச் சுருங்கக் கூறுவேன். நான்குசக்கர இயக்கம் பல வருஷங்கள் பயன்படாமலே இறுகிப்போயிருக்கலாம். ஆகையால் சேற்றுப்பாதையில் போட்டுப் பார்த்தே வாங்க வேண்டும். காய்ந்த தார்வீதியில் அதைப் போட்டு ஓட்டினால், பெரும்பாலான கெப்களில் முன்பின் அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கிச் சேதமுறும். இறக்கத்திலே தாழ்கியரில் இறங்குவதே பிரேக்கைக் காக்கும். உயரம் கூட்டிய ஸ்பிரிங்குகளும் பெரிய டயர்களும் பார்வைக்கு அழகாயினும், வளைவுகளில் நிலைதவறச் செய்பவை. தவிர, திணைக்களத்தின் அனுமதியின்றிச் செய்யும் மாற்றங்கள், நஷ்டஈடு கோரும்போது காப்புறுதிக் கம்பனிக்கு ஆட்சேபனைக்கு இடமளிக்கக்கூடும்.

கொழுந்து பறிக்கும் பெண்களைப் பின்பெட்டியில் ஏற்றிச் செல்லும் வழக்கத்தையும் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. வாகனத்தின் காப்புறுதிப் பத்திரம் எத்தனை பேருக்குப் பொறுப்பேற்கிறது என்று உரிமையாளர் வாசித்தறிந்த பின்னரே எவரும் அதில் ஏற்றப்பட வேண்டும்.