குழலை மாற்றினால் போதுமா?

“பாதர், குழலை மட்டும் மாத்திப் போட்டால் காணும்தானே?”

கிளிநொச்சிப் பக்கம் தோட்டம் செய்யும் பெரியவர் ஒருவர் எம்மிடம் இப்படிக் கேட்டார். 1990இல் நெடுந்தீவை விட்டு வெளியேறி, வன்னியில் காடு வெட்டிக் காணி திருத்தியவர் அவர். ஊரில் பயிருக்கு எதிரி கட்டாக்காலி மாடுதான். அதற்குக் கல்வேலி போதுமாயிருந்தது. வன்னியிலோ இரவில் காட்டுப்பன்றி வருகிறது. ஒரே இரவில் மரவள்ளித் தோட்டம் முழுவதும் கிளறுண்டு கிடக்கும். பழைய வேட்டை றைபிள் ஒன்றுக்கு, கிடைக்கிற தோட்டாவுக்கு ஏற்ற வேறு குழல் பூட்டித் தருவதாக யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

இது முடியாத காரியமா? முடியும். ஆனால் யாரால், எங்கே என்பதுதான் கேள்வி.

இந்தியாவில் கொல்கத்தாவுக்கு அருகே இஷாப்பூரில் அரச துவக்குத் தொழிற்சாலை உண்டு. பிரித்தானியர் காலத்தில் அங்கே .303 இராணுவ றைபிள்கள் பலவற்றை .410 துவக்குகளாக மாற்றினார்கள். பொலிஸாருக்கும் சிறைக்காவலருக்கும் கொடுப்பதற்காக அவை ஒரு தடவைக்கு ஒரு வெடி மட்டுமே சுடும்படி செய்யப்பட்டன. அவற்றுக்கென்றே தனித் தோட்டாவும் செய்தார்கள். 1962இல் சீனாவுடன் நடந்த போருக்குப் பின்னர், அதே வகை றைபிளை 7.62 மில்லிமீற்றர் தோட்டாவுக்கு ஏற்றதாக அங்கே வடிவமைத்தார்கள். குழலை மட்டும் மாற்றி அவர்கள் நிறுத்தவில்லை. புதிய தோட்டாவின் அழுத்தம் கூடியது என்பதால் உடற்பகுதிக்கு மேலும் உறுதியான உருக்கைப் பயன்படுத்தினார்கள். தோட்டாக் கூட்டையும் மாற்றினார்கள்.

காரணம் எளிது. துவக்கு வெடிக்கும்போது அந்த அழுத்தத்தைக் குழல் மட்டும் தாங்குவதில்லை. தோட்டா இருக்கும் அறையும், அதைப் பின்னால் அடைத்து நிற்கும் பூட்டும் தாங்கவேண்டும். அந்தப் பூட்டுக்கு நேர் பின்னால் இருப்பது சுடுபவரின் முகம். எனவேதான் தொழிற்சாலைகளில் வழமையைவிடக் கூடிய அழுத்தமுள்ள தோட்டாவை வெடிக்கவைத்துச் சோதித்த பின்பே துவக்கை வெளியே விடுவார்கள். ஊர்ப் பட்டறையில் இந்தச் சோதனைக்கு வழியில்லை.

எண்களும் எம்மை ஏமாற்றும். .303 என்பது அங்குலக் கணக்கு, 7.62 என்பது மில்லிமீற்றர். இரண்டு குழல்களின் துளையும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனால் தோட்டாவின் கோது வேறு, நீளம் வேறு, அழுத்தம் வேறு. ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட முடியாது.

வேட்டைத் துவக்கில் கணக்குத் தலைகீழ். ஓர் இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டையின் அகலமே 12ஆம் இலக்கக் குழலின் அகலம். ஆகவே எண் கூடக்கூடக் குழல் சிறுக்கும். 20ஆம் இலக்கத் தோட்டாவை 12ஆம் இலக்கத் துவக்கில் போட்டால் அது வழுக்கி உள்ளே போய் நடுவில் இறுகிவிடும். உள்ளே ஒன்றுமில்லை என்று நினைத்து 12ஆம் இலக்கத் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் பிளக்கும். விரல்களும் கண்ணும் போவது இப்படித்தான்.

சட்டத்தையும் நாம் மறக்கக்கூடாது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச்சட்டத்தின்படி அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருப்பது குற்றம். 1996இல் தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன. எத்தனையோ இழந்து வந்த குடும்பம், உழைப்பவரையும் சிறைக்கு அனுப்பவேண்டுமா?

பயிரைக் காக்கத் துவக்கு வேண்டுமென்றால் அனுமதிப்பத்திரத்துக்கு முறைப்படி விண்ணப்பிப்போம். கிராம அலுவலரிடம் விசாரிப்போம். கமக்காரர் அமைப்பினூடாகச் சேர்ந்து போவோம். தீவகத்துக்குத் திரும்பியவர்கள், வளவு துப்புரவாக்கும்போது பழைய தோட்டாவோ துவக்குத் துண்டோ கண்டால் தொடவேண்டாம். இடத்தை அடையாளமிட்டு, பிள்ளைகளை விலக்கி, உடனே அறிவியுங்கள்.

அந்தப் பெரியவர் குழல் மாற்றவில்லை. அயலிலுள்ள ஐந்து குடும்பங்கள் சேர்ந்து, தோட்டங்களைச் சுற்றி ஒரே வேலியாக அடைத்தார்கள். மூலையில் ஒரு காவற்கொட்டில் போட்டு, முறைவைத்துக் கண்விழித்தார்கள். பன்றி வராமலில்லை, வந்தால் தகரம் தட்டக் கை இருந்தது. பத்து விரலும் உள்ள கை.