நான்கு கால் உள்ளவனின் காலை எப்படி வாருவது?

எதிராளியின் காலை வாரி மல்லாத்துவது, மண்ணில் புரண்ட பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த பிடி. ஆனால் எதிரே நிற்பவனுக்கு இடுப்புக்கு மேலே மனித உடம்பும் கீழே குதிரை உடம்பும் இருந்தால் எந்தக் காலை வாருவது? வருபவன் பாம்புடம்புக்காரன் என்றால் வாருவதற்குக் கால்தான் ஏது? வேலையற்றவர்களின் கேள்விகள் போலத் தெரியலாம். ஆனால் இவற்றுக்கெல்லாம் அச்சிட்ட விதிப்புத்தகங்களில் எண்களோடு பதில் இருக்கிறது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் கற்பனைக் கதை விளையாட்டுகளில், மனிதரல்லாத பாத்திரங்களுக்கு நிஜ விளையாட்டுகளிலிருந்து சண்டைப் பாணியைக் கடன் வாங்குவது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது.

இந்த வகை விளையாட்டுகளின் மூத்த பிள்ளை ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள லேக் ஜெனிவா என்ற சிற்றூரிலிருந்து 1974இல் வெளிவந்தது. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன். ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் சிறுவர்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து ஆடுவார்களே, அதேதான். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, தாங்கள் என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வார்கள். சொன்னது பலித்ததா என்பதை 20 முகப் பகடை தீர்மானிக்கும். பகடையில் விழுந்த எண்ணோடு பாத்திரத்தின் வலிமையோ திறமையோ கூடும். வைத்த இலக்கைத் தொட்டால் வெற்றி. சண்டை என்று வந்துவிட்டால் கட்டம் போட்ட தாள் விரியும். ஒரு கட்டத்தின் பக்கம் 5 அடி. ஒரு சுற்றின் நேரம் 6 விநாடி.

பாத்திரங்கள் மனிதராகவே இருக்க வேண்டியதில்லை. குட்டையும் கனமுமான ட்வார்ஃப், இடுப்புயரமே உள்ள ஹாஃப்லிங், காளைத் தலை மினோட்டார், குதிரை மனிதனான சென்டார், தும்பிக்கையோடு நடமாடும் லாக்ஸோடான் என்று பட்டியல் நீளம். சிக்கல் இங்கேதான். இத்தனை விதமான உடம்பு இருந்தும், சண்டை தொடங்கியதும் பெரும்பாலான மேசைகளில் எல்லாரும் ஒரே மாதிரி வாள் வீசுவார்கள். குதிரை உடம்பு வெறும் வேடமாகிவிடும்.

விளையாட்டைத் தேடிப் போவது இதனால்தான். போர்க்களத்தில் ஆயிரம் காரணங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கும். ஒரு விளையாட்டோ உடம்பின் ஒரே ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் விதி போட்டு விலக்கிவிடுகிறது. சுமோவில் கேள்வி: கால் பதித்த இடத்தில் நிற்க முடியுமா? வாள்வீச்சில்: தூரத்தை யார் கையில் வைத்திருப்பது? ரக்பியில்: மோதலைத் தாங்கிக்கொண்டு பந்தை நகர்த்த முடியுமா? வினோதமான உடம்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இதற்கு எந்தக் கேள்வி பொருந்தும் என்று பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

மனிதர்கள் இதற்கு நேர் எதிர்த்திசையில் போனவர்கள். களரிப்பயட்டில் யானை, சிங்கம், குதிரை, பாம்பு, மயில் என்று விலங்குகளைப் பார்த்து வகுத்த வடிவுகள் உண்டு. சீனத்துக் குங்ஃபூவில் கொக்கும் கும்பிடுபூச்சியும்கூட ஆசான்கள். ‘பாத்ஃபைண்டர்’ என்ற விளையாட்டின் துறவி வீரர்களுக்குக் கொக்கு நிலை, புலி நிலை, ஓநாய் நிலை எல்லாம் கிடைக்கும். அங்கே பறவை மனிதன் ஒருவன் கொக்கு நிலையைக் கற்றுக்கொண்டால், தன் பாட்டனைப் பார்த்துக் கற்ற மனிதனிடம் போய்ப் பாட்டனின் நடையைப் படிக்கிறான் என்று அர்த்தம். இந்தக் கூத்தை எந்த விதிப்புத்தகமும் கண்டுகொள்வதில்லை.

இந்தக் கடன் வாங்கலை முழுமையாகச் செய்துகாட்டியது பிரிட்டனின் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் 1986இல் வெளியிட்ட ‘பிளட் பவுல்’. வடிவமைத்தவர் ஜெர்விஸ் ஜான்சன். கறாராகச் சொன்னால் இது பாத்திரமேற்கும் விளையாட்டு அல்ல, சிறு பொம்மைகளை நகர்த்தும் பலகை ஆட்டம். ஆனாலும் இந்தத் துறையில் யோசிப்பவர்கள் இதைத் தாண்டிப் போக முடியாது. ஆர்க், எல்ஃப், ட்வார்ஃப், எலி மனிதர்கள் எல்லாரும் அமெரிக்கக் கால்பந்து ஆடினால் எப்படியிருக்கும் என்பதுதான் கரு. 26க்கு 15 கட்டம் உள்ள மைதானம், பக்கத்துக்கு 11 பேர், ஆளை அடித்து வீழ்த்த அனுமதி.

2020ஆம் ஆண்டுப் பதிப்பை எடுத்துக்கொள்வோம். ட்வார்ஃப் தடுப்பாட்டக்காரர் ஒரு முறையில் 4 கட்டம்தான் நகர்வார். எலி மனிதர்களின் ஓட்டக்காரர் 9 கட்டம் பறப்பார். கீழே விழுந்த ஆளின் கவசம் உடைகிறதா என்று இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டிப் பார்ப்பார்கள். ட்வார்ஃபின் கவசம் உடைய 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். அந்த வாய்ப்பு ஆறில் ஒன்று. ஹாஃப்லிங்குக்கு 7 விழுந்தாலே போதும், பாதிக்கு மேல் வாய்ப்பு. அதற்கு ஈடாகப் பொடியர்களுக்கு ஒரு சலுகை: எத்தனை எதிரிகள் சூழ்ந்து நின்றாலும் அவர்களின் இடுக்கில் நுழைந்து நழுவ முடியும், நெரிசலுக்கென்று பகடையில் கழிவு கிடையாது. அதாவது ட்வார்ஃப் அணி ஊர்ந்து ஊர்ந்து ஆளை நசுக்கி முன்னேறும். எலி அணி அடி படுவதற்குள் புள்ளி எடுத்தாக வேண்டும். “இவர்கள் வீரர்கள், அவர்கள் தந்திரக்காரர்கள்” என்ற வர்ணனை எதுவும் இல்லாமல், நான்கைந்து எண்களிலிருந்தே இரண்டு பாணிகள் பிறந்துவிடுகின்றன.

இந்த எண்களைவிடவும் எனக்குப் பிடித்தது வேறொரு விதி. உங்கள் முறையில் உங்கள் ஆள் கீழே விழுந்தால் முறை அத்தோடு முடிந்தது; மிச்சம் இருப்பவர்கள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். அதனால் எவ்வளவு பெரிய முரடன் அணியில் இருந்தாலும், முதலில் பத்திரமான காரியங்கள், கடைசியில்தான் சூதாட்டம் என்று வரிசைப்படுத்த வேண்டியிருக்கிறது. பாணி என்பது வலிமையிலிருந்து மட்டும் வருவதல்ல, எதற்குத் தண்டனை என்பதிலிருந்தும் வருகிறது.

பெரிய உடம்பும் சிறிய உடம்பும் ஒரே அணியில் இருந்தால் இன்னும் வேடிக்கை. ஹாஃப்லிங் அணியின் மர மனிதன், பந்தைப் பிடித்திருக்கும் தன் அணிக்காரனையே தூக்கி எதிர்க்கோட்டை நோக்கி வீசலாம். கோப்ளின் என்னும் குட்டிப் பூதங்களின் அணியில் இந்த வேலையைச் செய்யும் டிரோல் என்னும் ராட்சதனுக்கு ஓயாத பசி. வீசுவதற்கு முன் ஒரு பகடை உருட்ட வேண்டும். 1 விழுந்தால் அவன் கையில் இருப்பதை வாயில் போடப் பார்ப்பான். இரண்டாவது பகடையிலும் 1 விழுந்தால் கோப்ளின் போச்சு. வேறு எண் விழுந்தால் திமிறித் தப்பித்துக்கொள்ளும். 36 வீச்சில் ஒன்று பலகாரமாக முடியும் என்ற கணக்கு தெரிந்துதான் எல்லாரும் வீசுகிறார்கள்.

இனி அந்தக் கால் விவகாரம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 3.5 பதிப்பு 2003இல் வந்தது. காலை வாரும்போது, எதிராளிக்கு இரண்டு காலுக்கு மேல் இருந்தால் தடுமாறாமல் நிற்க அவனுக்கு +4 உண்டு என்றது அது. ட்வார்ஃபுக்கு இரண்டே கால்தான் என்றாலும் அதே +4 தந்தது, தரையில் நிற்கும்வரை மட்டும். குதிரைமேல் இருந்தாலோ சுவரேறிக்கொண்டிருந்தாலோ இல்லை. தாழ்ந்த ஈர்ப்பு மையத்தைப் பற்றி ஒரு சுமோ பயிற்சியாளர் சொல்வதைத்தான் அந்த ஒரு வரி சொல்கிறது. 2009இல் வந்த பாத்ஃபைண்டர் காலை எண்ணவே தொடங்கிவிட்டது: இரண்டுக்கு மேல் உள்ள ஒவ்வொரு காலுக்கும் +2. சென்டாருக்கு 4, எட்டுக்கால் சிலந்திப் பெண்ணுக்கு 12. காலே இல்லாதவர்களையும் பறப்பவர்களையும் வாரவே முடியாது என்றும் எழுதி வைத்தது.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு இந்தக் கணக்கையெல்லாம் வழித்துத் துடைத்துவிட்டது. ஆட்டம் வேகமாகப் போகிறது, புதியவர்கள் மிரளாமல் உட்காருகிறார்கள்; இந்த விளையாட்டு இன்றைக்கு அடைந்திருக்கும் பெரும் பரவலில் அந்த எளிமைக்குப் பங்குண்டு. ஆனால் தள்ளி விழ வைக்கும் விதியில் சென்டாரும் மனிதனும் ஒன்றாகிவிட்டார்கள். ட்வார்ஃபின் ஊன்றி நிற்கும் பலமும் காணாமல் போனது. எனக்கு இது நட்டம்தான். சண்டைப் பாணி வேண்டும் என்பவர்கள் இப்போது அதைத் தாங்களே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கட்டுவதற்கான சாமான் அங்கேயே இருக்கிறது என்பதுதான் ஆறுதல். சுமோ வளையத்தின் விட்டம் 4.55 மீட்டர், ஏறக்குறைய 15 அடி. தாளில் மூன்றுக்கு மூன்று கட்டம். ஒரு தள்ளு தள்ளினால் எதிராளி 5 அடி பின்னுக்குப் போவான் என்பது ஐந்தாம் பதிப்பின் விதி. நடுக்கட்டத்தில் நிற்பவனை வெளியே அனுப்ப இரண்டு தள்ளு போதும். ஐந்தாம் நிலையை எட்டிய போர்வீரனுக்கு ஒரு சுற்றில் இரண்டு தாக்குதல். தாக்குதலுக்குப் பதில் தள்ளலாம், நடுவில் ஒரு கட்டம் முன்னே போகலாம். ஆக 6 விநாடியில் ஆட்டம் முடிந்தது. ஜப்பானில் நடக்கும் நிஜப் போட்டிகளும் பெரும்பாலும் சில விநாடிகளில்தான் முடிகின்றன. ட்வார்ஃப் சுமோ வேண்டுமென்றால் புது விதிகள் அதிகம் வேண்டாம்; பழைய +4ஐத் திருப்பிக் கொடுத்து, உள்ளங்கால் தவிர வேறெது தரையைத் தொட்டாலும் தோல்வி என்று சேர்த்தால் போதும்.

லாக்ஸோடானின் கதை வேறு. 2018இல் ராவ்னிகா என்ற கற்பனை நகரத்தைப் பற்றி வந்த புத்தகத்தில் இந்த யானை மனிதர்கள் இடம்பெற்றார்கள். தும்பிக்கையால் ஆளைப் பிடிக்கலாம். ஆயுதம் ஏந்த முடியாது. வலிமை எண்ணைப் போல் ஐந்து மடங்கு பவுண்டு எடையைத்தான் அது தூக்கும். ஒரு சாதாரண வீரன் எட்டக்கூடிய உச்சமான 20 இருந்தாலும் 100 பவுண்டு, சுமார் 45 கிலோ. வளர்ந்த ஆளைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம், தலைக்கு மேல் தூக்கிச் சுழற்ற முடியாது. ஆகவே இவருக்குப் பொருந்துவது தூக்கியடிக்கும் மல்யுத்தம் அல்ல. கச்சையைப் பற்றிக்கொண்டு எதிராளியை நகரவிடாமல் இருத்தும் பிடி. இரண்டு கையும் கோடரிக்குக் காலியாக இருக்கிறது என்பதை எதிராளி தாமதமாகத்தான் உணர்வான்.

சென்டாருக்கு 30 அடி நேர்கோட்டில் ஓடி வந்து அடித்தால் குளம்பால் இன்னோர் அடி கூடுதல். குதிரைமேல் ஈட்டியோடு மோதும் ஐரோப்பிய வீரவிளையாட்டை ஒரே உடம்புக்குள் அடைத்தது போன்ற விதி அது. திறந்த வெளியில் பயங்கரம். ஆனால் கைகால் ஊன்றி ஏறும் இடங்களில், மற்றவர்களுக்கு அடிக்கு ஓர் அடி கூடுதல் செலவென்றால் சென்டாருக்கு நான்கு. அவரை ஏணி வைத்த கோபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும் கதைசொல்லி கொடுமைக்காரர். கூட்டிக்கொண்டே போகாதவரோ சோம்பேறி. மினோட்டார் கொம்பால் முட்டி 10 அடி தள்ளுவதும் இதே குடும்பம்தான். கோலியாத் என்னும் மலைவாசி ராட்சதர்களுக்கு ‘கோட்-பால்’ என்ற சொந்த விளையாட்டே உண்டு. அந்த இனத்தின் போட்டி மனப்பான்மையை விளக்க இதைவிட நல்ல வழி இல்லை.

நம் மண்ணுக்கு நெருக்கமான கபடியை இந்த மேசைக்குக் கொண்டுபோனால் விதி குறுக்கே விழுகிறது. தன்னைவிட அதிகபட்சம் ஒரு படி பெரிய உடம்பைத்தான் பிடிக்கலாம் என்கிறது ஐந்தாம் பதிப்பு. கோப்ளின் சிறிய உடம்பு, ஓகர் என்னும் முரட்டு அரக்கன் இரண்டு படி மேலே. ஏழு கோப்ளின்கள் சேர்ந்து வந்தாலும் ஓகரின் கணுக்காலைப் பிடிக்க முடியாது. கைகோத்து வளைத்து, பாடி வந்தவனைக் கோட்டுக்குப் போகவிடாமல் அமுக்குவது தெரிந்த யாருக்கும் இது அபத்தம். என் யோசனை இது: கைகோத்து நிற்கும் ஒவ்வொரு மூன்று பேரையும் ஒரு படி பெரிய உடம்பாகக் கணக்கில் எடுக்கலாம். ஓகரின் காலில் மூன்று கோப்ளின்கள் விழட்டும். சங்கிலியில் ஒருவன் கை விட்டால் மொத்தப் பிடியும் விட்டுப்போகட்டும். அப்போதுதான் ஓகரும் யாரை முதலில் உதறுவது என்று யோசிப்பான். கோப்ளின் பக்கம் நிற்பவர்கள் கவலைப்பட வேண்டியது ஓகரைப் பற்றிக்கூட அல்ல, பின்னால் நிற்கும் மந்திரவாதியைப் பற்றி. ஃபயர்பால் மந்திரம் 20 அடி ஆரத்துக்கு எரிக்கும், சராசரிச் சேதம் 28. 2014 பதிப்பின் சாதாரணக் கோப்ளினுக்கு உயிர்ப்புள்ளி 7. கைகோத்து நின்றால் ஏழு பேரும் ஒரே வட்டத்துக்குள்தான்.